மத்தியதரைக் கடலோர மேடுகளின் நாயகன்: மிதிவண்டி வீரர் ஃபௌஸ்டோ கோப்பி

ஹடப்சர் (புணே), மார்ச் 19: ஞாயிற்றுக்கிழமை விடியலில் ஹடப்சரிலிருந்து சாஸ்வட் செல்லும் சாலையில் நிற்பவர்கள், தலைக்கவசம் அணிந்து, கைப்பிடிமேல் குனிந்தபடி திவே காட் மலைப்பாதையை நோக்கி விரையும் மிதிவண்டிக் குழுக்களைக் காணலாம். பண்டரிபுரம் செல்லும் ஞானேஸ்வரர் பல்லக்கு ஆண்டுதோறும் ஏறிச் செல்வதும் இதே பாதைதான். ஒரு காலத்தில் மிதிவண்டி நகரம் என்றே அழைக்கப்பட்ட புணே மாவட்டத்தில், கடந்த ஜனவரி மாதம் 437 கி.மீ. தொலைவுள்ள 'புணே கிராண்ட் டூர்' சர்வதேசப் பந்தயம் நடைபெற்றது. ஐந்து நாள்களில் கடக்கப்பட்ட தொலைவு அது.

இத்தாலியில் அதன் மூன்றில் இரண்டு பங்குத் தொலைவை ஒரே நாளில் கடக்கும் பந்தயம் ஒன்று உண்டு. 1907-இல் தொடங்கிய மிலான்–சான் ரெமோ பந்தயத்தின் தூரம் ஏறத்தாழ 290 கி.மீ. மிலான் சமவெளியில் புறப்படும் வீரர்கள், 532 மீட்டர் உயரமுள்ள டூர்கினோ கணவாயில் ஏறி, மறுபுறம் மத்தியதரைக் கடலை நோக்கி இறங்குவர். அதன்பின் லிகூரியக் கடற்கரையின் வளைவுகளோடு சேர்ந்து மேற்கு நோக்கிச் செல்லும் பாதையில் மேலே, செர்வோ, பெர்த்தா என்னும் முனைகள் ஒன்றன்பின் ஒன்றாகக் குறுக்கிடும். அவற்றில் எதுவும் பெரிய மலை அன்று. ஆனால் 200 கி.மீ.க்கு மேல் மிதித்துவிட்டு வரும் கால்களுக்குச் சிறு மேடும் மலையாகும்.

80 ஆண்டுகளுக்கு முன், 1946-ஆம் ஆண்டு இதே மார்ச் 19-இல், அந்தக் கடற்கரைச் சாலையில் ஒருவர் தன்னந்தனியே வந்தார். அவரே ஃபௌஸ்டோ கோப்பி. அவரது வாழ்க்கையின் பெரும்பகுதி அந்தப் பந்தயப் பாதையின் ஓரத்திலேயே அமைந்தது. முடிவும் அங்கேயே நேர்ந்தது.

கோப்பி 1919 செப்டம்பர் 15-ஆம் தேதி, வடமேற்கு இத்தாலியின் பியெமோந்தே பகுதியில் உள்ள காஸ்டெல்லானியா என்னும் மலைக் கிராமத்தில் பிறந்தார். உழவுக் குடும்பம், ஐந்து பிள்ளைகளில் நான்காமவர். மெலிந்த உடல்வாகு கொண்ட அச்சிறுவனுக்கு வயல் வேலை ஒத்துவரவில்லை. பள்ளியை விட்டபின், பந்தயப் பாதையில் உள்ள நோவி லிகூரே நகரில் ஓர் இறைச்சிக் கடையில் வேலைக்குச் சேர்ந்தார். வீட்டிலிருந்து கடைக்கும், கடையிலிருந்து வாடிக்கையாளர் வீடுகளுக்கும் மேடும் பள்ளமுமான சாலைகளில் மிதிவண்டியில் செல்வதே அன்றாடப் பணி. பின்னாளில் உலகம் வியந்த கால்களுக்குப் பயிற்சிக்களம் அதுவே. வணிகக் கப்பலில் பணியாற்றிய சிற்றப்பா கொடுத்த பணத்தில் முதல் பந்தய மிதிவண்டி வாங்கப்பட்டது.

அவரது திறமையை இனங்கண்டவர் பியாஜோ கவன்னா. கண்பார்வையை இழந்திருந்த இந்த உடற்பிடிப்பு நிபுணர், வீரர்களின் தசைகளைக் கைகளால் தொட்டே அவர்களின் வலிமையை மதிப்பிடுவார் என்பர். கோப்பியின் உணவு, உறக்கம், பயிற்சி அனைத்தும் அவரது கட்டுப்பாட்டில் இருந்தன.

1940-இல் லெஞானோ அணியில் கோப்பி சேர்ந்தது தலைவராக அன்று. அணியின் தலைமை வீரர் ஜீனோ பார்டாலிக்கு எதிர்க்காற்றை மறித்தும் தண்ணீர் சுமந்தும் உதவும் துணை வீரராகவே சேர்ந்தார். அவ்வாண்டு இத்தாலியைச் சுற்றும் 'ஜிரோ தி இத்தாலியா' பந்தயத்தின் தொடக்கத்திலேயே பார்டாலி விழுந்து காயமுற, துணை வீரர் முன்னிலைக்கு வந்து பட்டமும் வென்றார். அப்போது அவருக்கு வயது 20. அப்பந்தயத்தை மிக இளம் வயதில் வென்றவர் இன்றுவரை அவரே. பந்தயம் முடிந்தது ஜூன் 9-இல். மறுநாள் இத்தாலி இரண்டாம் உலகப் போரில் குதித்தது.

இராணுவத்தில் சேர்க்கப்பட்ட கோப்பி, 1942 நவம்பரில் மிலான் நகரின் விகொரெல்லி ஓடுகளத்தில் ஒரு மணி நேரத்தில் 45.8 கி.மீ.க்கு அண்மையான தொலைவைக் கடந்து உலக சாதனை படைத்தார். 14 ஆண்டுகள் அது முறியடிக்கப்படவில்லை. ஆனால் அச்சாதனை அவரைப் போர்முனையிலிருந்து காக்கவில்லை. 1943-இல் வட ஆப்பிரிக்காவுக்கு அனுப்பப்பட்டு, ஏப்ரலில் துனீசியாவில் பிரிட்டிஷ் படையிடம் பிடிபட்டார். போரின் தொடக்க ஆண்டுகளில் ஆப்பிரிக்காவில் பிடிபட்ட இத்தாலிய வீரர்கள் பல்லாயிரவர் பெங்களூரு, போபால், டேராடூன் முகாம்களுக்குக் கொண்டுவரப்பட்டனர். ஈராண்டு முன்னரே பிடிபட்டிருந்தால் கோப்பியும் தக்காணப் பீடபூமியைப் பார்த்திருக்கக்கூடும். அவர் ஆப்பிரிக்க முகாம்களிலேயே வைக்கப்பட்டு, 1945-இல் தாயகம் திரும்பினார்.

இந்தப் பின்னணியில்தான் 1946 மார்ச் 19-ஐப் பார்க்க வேண்டும். சாலைகள் போரில் சிதைந்து கிடந்தன. நாடு பசியிலும் தோல்வியிலும் துவண்டிருந்தது. மிலானிலிருந்து புறப்பட்ட சிறிது நேரத்திலேயே ஒரு சிறு குழுவுடன் கோப்பி முன்னேறினார். அந்தப் பாதை டோர்டோனா வழியாக, அவர் இறைச்சிப் பொட்டலங்கள் சுமந்த நோவி லிகூரே வழியாகச் சென்றது. டூர்கினோ ஏற்றத்தில் கடைசித் துணையும் பின்தங்கியது. கணவாய்ச் சுரங்கத்தைத் தனியே கடந்து கடலோரம் இறங்கியவருக்கு முன்னால் சுமார் 150 கி.மீ. மிச்சமிருந்தது. அவ்வளவையும் அவர் தனியாகவே மிதித்தார். இரண்டாவதாக வந்த பிரெஞ்சு வீரர் லூசியன் தெஸ்சேர் சான் ரெமோவை அடைய மேலும் 14 நிமிடங்கள் ஆயின. அடுத்த வீரர் வரும்வரை வானொலியில் இசை ஒலிபரப்பினார்கள் என்பது இத்தாலியர் இன்றும் சொல்லி மகிழும் கதை.

1948, 1949 ஆகிய ஆண்டுகளிலும் அவர் சான் ரெமோவில் வென்றார். 1949-இல் ஜிரோவையும் டூர் டி பிரான்ஸையும் ஒரே ஆண்டில் வென்ற முதல் வீரரானார்; 1952-இல் அதை மீண்டும் நிகழ்த்தினார். மொத்தம் ஐந்து ஜிரோ, இரண்டு டூர், 1953-இல் உலகப் பட்டம். பக்திமிக்க பார்டாலியும் புதுமை நாடிய கோப்பியும் இத்தாலியை இரு முகாம்களாகப் பிரித்தனர். அக்காலத்தில் தடை செய்யப்படாத ஊக்கமருந்துகளைத் தாம் பயன்படுத்தியதையும் அவர் பின்னர் ஒளிக்கவில்லை.

வெற்றிகளுக்கு நடுவே துயரமும் வந்தது. உடன் பந்தயம் ஓட்டிய தம்பி செர்சே, 1951 ஜூனில் டூரின் நகரில் டிராம் தண்டவாளத்தில் சக்கரம் சிக்கி விழுந்தார். எழுந்து பந்தயத்தை முடித்தவர், அன்றே மூளை இரத்தக் கசிவால் உயிரிழந்தார். சில நாள்களில் டூர் டி பிரான்ஸுக்குச் சென்ற கோப்பி, மான்ட்பெலியே செல்லும் கட்டத்தில் நிலைகுலைந்து அரை மணி நேரத்துக்கும் மேல் பின்தங்கினார்.

மணமானவரான கோப்பி, ஒரு மருத்துவரின் மனைவியான ஜூலியா ஓக்கினியுடன் வாழத் தொடங்கியது 1954-இல் நாட்டையே உலுக்கியது. மணவிலக்குக்கு இடமில்லாத இத்தாலியில் பிறன்மனை உறவு குற்றமாக இருந்தது. இந்தியாவில் 2018-இல் உச்ச நீதிமன்றம் நீக்கிய 497-ஆவது பிரிவு ஆணை மட்டுமே தண்டித்தது. இத்தாலியச் சட்டத்தின் முதல் இலக்கோ மனைவி. ஓக்கினி சிறையில் அடைக்கப்பட்டார். 1955-இல் இருவருக்கும் விதிக்கப்பட்ட சிறைத்தண்டனை நிறுத்திவைக்கப்பட்டது. அவ்வாண்டே அவர்களின் மகன் அர்ஜென்டினாவில் பிறந்தான். அச்சட்டப்பிரிவை இத்தாலிய அரசியல் சாசன நீதிமன்றம் 1968-இல் செல்லாது என அறிவித்தபோது கோப்பி உயிருடன் இல்லை.

1959 டிசம்பரில், இன்று புர்கினா ஃபாசோ எனப்படும் அப்பர் வோல்ட்டாவில் ஒரு காட்சிப் பந்தயத்துக்கும் வேட்டைக்கும் கோப்பி அழைக்கப்பட்டார். பிரெஞ்சு வீரர் ரபேல் ஜெமினியானியும் அவருடன் ஒரே அறையில் தங்கினார். திரும்பியதும் இருவருக்கும் கடும் காய்ச்சல் கண்டது. பிரான்ஸில் ஜெமினியானியின் இரத்தம் பரிசோதிக்கப்பட்டு மலேரியா எனக் கண்டறியப்பட்டது. கொய்னா மருந்து அவரைக் காப்பாற்றியது. அவர் குடும்பத்தார் இத்தாலிக்குத் தொலைபேசியில் எச்சரித்தனர். ஆயினும் கோப்பிக்குச் சிகிச்சை அளித்தவர்கள் வேறு நோய் என்றே நம்பினர். போருக்குப் பிந்தைய ஒழிப்பு இயக்கத்தால் மலேரியா அந்நாட்டில் ஏறத்தாழ மறைந்திருந்தது. கொசுவே மலேரியாவைப் பரப்புகிறது என்பதற்கான சான்றை ரொனால்டு ராஸ் செகந்தராபாதில் கண்டு 62 ஆண்டுகள் கடந்திருந்தன. மருந்தோ அதற்கும் பழையது. 1960 ஜனவரி 2-ஆம் தேதி காலை, டோர்டோனா மருத்துவமனையில் கோப்பி காலமானார். அவருக்கு வயது 40.

காஸ்டெல்லானியாவில் தம்பி செர்சேயின் அருகே அவர் துயில்கிறார். அவரது நூற்றாண்டையொட்டி 2019-இல் அக்கிராமம் 'காஸ்டெல்லானியா கோப்பி' எனப் பெயர் மாற்றம் பெற்றது.

கோப்பி மறைந்து இரண்டரை மாதங்களுக்குப் பின் நடந்த 1960-ஆம் ஆண்டுப் பந்தயத்தில், சான் ரெமோவுக்குச் சற்று முன்னால் போஜ்ஜோ என்னும் குன்றின் ஏற்றம் புதிதாகச் சேர்க்கப்பட்டது. இன்று பெரும்பாலும் வெற்றியாளர் யார் என்பது முடிவாவது அங்கேதான். அப்பந்தயத்தில் மும்முறை வென்ற கோப்பி ஒருமுறைகூடப் போட்டியில் ஏறாத குன்று அது.