பக்ஷி சாஸ்திர நிபுணர் ஜெர்டன்

வைத்தியத்தைத் தொழிலாகக் கொண்டு, பறவை ஆராய்ச்சியில் அழியாப் புகழெய்தியவர் டாக்டர் தாமஸ் ஜெர்டன். 1811-ஆம் ஆண்டு இங்கிலாந்தில் பிறந்த இவர், எடின்பரோவில் கல்வி பயின்று, கிழக்கிந்தியக் கம்பெனியாரின் மருத்துவராகச் சென்னை மாகாணம் வந்தார்.

நெல்லூரில் பணியாற்றுங்கால், காடுறையும் யானாதியரை அணுகிப் புள்ளும் விலங்கும் பற்றிக் கேட்டறிந்தார். எழுத்தறியாதாரிடம் பாடங்கேட்க அவர் நாணினாரல்லர். இந்நாட்டு ஓவியர் வரைந்த 50 படங்களுடன் சென்னையில் ஒரு நூல் வெளியிட்டார். 1862 முதல் 1864 வரை வெளிவந்த 'இந்தியப் பறவைகள்' என்னும் பெருநூலில், 1,000-க்கு மேற்பட்ட இனங்களின் உருவம், உறைவிடம், பழக்கம் ஆகியவற்றோடு நாட்டு மக்கள் வழங்கிய பெயர்களையும் தொகுத்துரைத்தார். சிதறிக்கிடந்த செய்திகள் ஒருங்கு சேர்ந்தமையால், பின்வந்த ஆராய்ச்சியாளர்க்கு அந்நூல் கைவிளக்காயிற்று. 1872-இல் அவர் காலமானார்.

முட்புதர்க் காட்டில் இரவில் ஓடித்திரியும் அரிய பறவையொன்று இன்றும் அவர் பெயரால் வழங்குகிறது. 1900-க்குப்பின் அது எவர் கண்ணிலும் படாமையின், அற்றொழிந்ததென்றே அறிஞர் கருதினர். பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தார் தேடியலைந்தனர். 1986-இல் கடப்பைப் பக்கத்து வேடர் ஒருவர் அதனை உயிருடன் பிடித்தளித்தார். எளியோர் அறிவை மதித்த ஜெர்டனின் நெறி, நூறாண்டு கடந்தும் இங்ஙனம் பயன் தந்தது. மாணவ நண்பர்களே, இந்நெறி நமக்கும் உரியதன்றோ?