காப்பி அடிச்சுக் கத்துக்கிட்ட ராஜா ரவி வர்மா

அபிராமபுரத்துல ஏதாவது ஒரு பழைய வீட்டுப் பூஜை அறையை எட்டிப் பாருங்க. தாமரை மேல் நிற்கும் லட்சுமியும், வீணையோடு உட்கார்ந்திருக்கும் சரஸ்வதியும் கண்ணாடிச் சட்டத்துக்குள் இருப்பாங்க. அந்த உருவங்களுக்கு மூலம் ராஜா ரவி வர்மா. பேர் உங்களுக்குத் தெரிந்ததுதான். அவர் ஆயில் பெயின்டிங் கத்துக்கிட்ட கதை தெரியுமா?

1848-ல் கேரளத்தின் கிளிமானூரில் பிறந்தார். முதல் குரு தாய்மாமா ராஜ ராஜ வர்மா. 14 வயசில், 1862-ல், மாமா அவரைத் திருவனந்தபுரம் அரண்மனைக்கு அழைத்துப் போனார். மகாராஜா ஆயில்யம் திருநாளுக்குப் பையனைப் பிடித்துப்போனது. அங்கே தங்கிப் படம் வரைய வாய்ப்பும் கிடைத்தது.

சிக்கல் எங்கேன்னா, ஆயில் பெயின்ட் அப்போது இங்கே புதுசு. அரண்மனையில் அது தெரிந்தவர் ராமசாமி நாயக்கர். அவர் சொல்லித்தர மறுத்துட்டார். அவரிடம் வேலை செய்த ஆறுமுகம் பிள்ளை ரகசியமாக வந்து கொஞ்சம் சொல்லிக் கொடுத்தாராம். 1868-ல் தியோடர் ஜென்சன் என்ற ஐரோப்பிய ஓவியர் மகாராஜாவை வரைய வந்தார். அவரும் கற்றுத்தரச் சம்மதிக்கவில்லை. வரையும்போது பக்கத்தில் நின்று பார்க்க மட்டும் அனுமதி.

இருபது வயசு ரவி வர்மா பார்த்தார். வாட்டர் கலர் சட்டென்று காய்ந்துவிடும். ஆயில் காய நாள் கணக்கில் ஆகும். அதனால்தான் ஒரு நிறத்தை இன்னொன்றோடு மெதுவாகக் குழைத்து, கன்னத்தின் வளைவையும் பட்டின் பளபளப்பையும் கொண்டுவர முடியுது. அரண்மனையில் இருந்த ஐரோப்பிய ஓவியப் புத்தகங்களைத் திறந்து வைத்து, அதே மாதிரி வரைந்து வரைந்து பழகினார். தப்பானால் திரும்ப முதலிலிருந்து.

நாமளும் காப்பி அடிக்கிறவங்கதான், லேப் ரெக்கார்டே சாட்சி! ஆனா நாம விடையை எடுத்துக்கிறோம். அவர் எடுத்துக்கிட்டது வழிமுறையை. வெளிச்சம் எந்தப் பக்கத்திலிருந்து வருது, நிழலுக்குள் என்ன நிறம் இருக்கு என்று ஒவ்வொரு படத்தையும் கேள்வி கேட்டார். பிறகு அந்த வெளிநாட்டு முறையில் நம்ம ஊர் மனுஷங்களை வரைந்தார். 1873-ல் சென்னையில் நடந்த கண்காட்சியில், கூந்தலில் மல்லிகை சூடும் நாயர் பெண்ணை வரைந்த படத்துக்கு ஆளுநரின் தங்கப் பதக்கம். அப்போ அவருக்கு வயசு 25.

கதை இதோடு முடியலை. திருவிதாங்கூரில் திவானாக இருந்து, கடைசிக் காலத்தில் நம்ம மயிலாப்பூரில் வாழ்ந்த சர் டி. மாதவ ராவ் ஒரு யோசனை சொன்னார்: படங்களை அச்சடித்தால் எல்லாருக்கும் போய்ச் சேருமே! 1894-ல் பம்பாயில் அச்சகம் தொடங்கியது. அதில் கடன்தான் மிஞ்சியது. கடைசியில் விற்க வேண்டியதாயிற்று. 1906-ல் அவர் காலமானார். ஆனால் அச்சுப் படங்கள் நாடு முழுக்கப் பரவின. அரண்மனைக்குள் நுழைய முடியாதவர்களும், கோயிலுக்குள் அனுமதிக்கப்படாதவர்களும் அவற்றை வீட்டில் மாட்டினாங்க. புத்தகத்தைப் பார்த்து வரையப் பழகினவரின் படத்தை, அப்புறம் எத்தனையோ பேர் பார்த்து வரையப் பழகினாங்க.

உங்களுக்கும் ஆயில் பெயின்டிங் ஆசை இருந்தா, குரு கிடைக்கலையேன்னு உட்கார்ந்திருக்காதீங்க. எழும்பூர் அருங்காட்சியகத்தில் ரவி வர்மாவின் அசல் ஓவியங்கள் இருக்கு. ஒரு சனிக்கிழமை போய், ஒரே ஒரு படத்தின் முன்னால் அரை மணி நேரம் நில்லுங்க. முகம் வேண்டாம், புடவையின் ஒரு மடிப்பு போதும். வீட்டுக்கு வந்து அதை மட்டும் வரைஞ்சு பாருங்க.