காத்தோ கியோமாசா

காத்தோ கியோமாசா (1562 - 1611) ஜப்பானியப் படைத்தலைவரும் கோட்டை அமைப்பதில் வல்லவரும் ஆவார். கியூஷூ தீவிலுள்ள குமாமோட்டோ கோட்டையைக் கட்டியவர் இவரே.

இளமை

இன்றைய நகோயா நகருக்குள் அடங்கும் நாக்கமுரா என்னும் சிற்றூரில் பிறந்தார். சிறு வயதிலேயே தந்தையை இழந்த இவர், அதே ஊரினரும் தாய்வழி உறவினருமான டொயோட்டோமி ஹிதேயோஷியிடம் பணியில் சேர்ந்தார். 1583 இல் நடந்த ஷிசுகதாகே போரில் காட்டிய வீரத்தால், ஏழு ஈட்டிகள் என அழைக்கப்பட்ட எழுவருள் ஒருவரானார். 1588 இல் ஹிகோ மாகாணத்தின் வட பாதி இவருக்குக் கிடைத்தது. தென் பாதியைப் பெற்றவர் கொனிஷி யுகினாகா என்னும் கிறித்தவப் பிரபு. நிச்சிரென் பௌத்தரான கியோமாசாவுக்கும் அவருக்கும் கடைசிவரை பகை நீடித்தது.

கொரியப் போர்

1592 இல் ஹிதேயோஷி தொடங்கிய கொரியப் படையெடுப்பில் கியோமாசா வடகிழக்கு எல்லைவரை முன்னேறி, கொரிய இளவரசர் இருவரைச் சிறைப்பிடித்தார். அங்கு இவர் புலி வேட்டையாடியதாகக் கூறும் கதைகள் ஜப்பானில் புகழ்பெற்றவை. கொரியரோ இவரை நாட்டைப் பாழாக்கிய படைத்தலைவர்களுள் ஒருவராகவே நினைவில் வைத்துள்ளனர்.

1597 இறுதியில், கட்டி முடிக்கப்படாத உல்சான் கோட்டையில் இவரது படையை மிங் சீன, கொரியப் படைகள் முற்றுகையிட்டன. கடுங்குளிரில் உணவும் குடிநீரும் தீர்ந்துபோக, வீரர்கள் குதிரைகளைக் கொன்று உண்டனர். துணைப்படை வந்ததாலேயே எஞ்சியோர் உயிர் தப்பினர்.

குமாமோட்டோ

1600 இல் டோக்குகவா இயேயாசுவின் பக்கம் நின்ற கியோமாசா, கொனிஷியின் ஊட்டோ கோட்டையைக் கைப்பற்றினார். தோற்ற அணியில் இருந்த கொனிஷி கொல்லப்பட்டதும் ஹிகோ பெரும்பாலும் இவர் வசமாயிற்று. 1601 முதல் 1607 வரை குமாமோட்டோ கோட்டையைக் கட்டினார். அதன் கற்சுவர்கள் அடியில் சாய்ந்து, மேலே செல்லச் செல்லச் செங்குத்தாக நிமிர்பவை. ஏறத் தொடங்கும் வீரன் பாதியிலேயே வழுக்குவான். கோட்டைக்குள் சுமார் 120 கிணறுகள் தோண்டப்பட்டன. இதற்கு உல்சானில் பட்ட தாகமே காரணம் என்பர். பஞ்சத்தில் உண்ண உதவும் என்று பாய்களுக்குள் சேம்பந்தண்டு வைத்துத் தைத்ததாகவும் ஒரு கதை உண்டு.

மக்களிடம் இவர் பெயர் நிலைக்க நீர்ப்பாசனப் பணிகளும் காரணமாயின. ஷிராகவா ஆற்றிலிருந்து பிரியும் ஒரு கால்வாயை அசோ எரிமலைச் சாம்பல் தூர்த்துவிடாதிருக்க, குறுக்கே பாறைச் சுவர்களை விட்டு, அவற்றின் அடியில் துளைகள் இடப்பட்டன. துளைகளில் நுழையும் நீர் சுழன்று மண்டியைக் கிளறி அடித்துச் செல்லும். மாட்டின் மூக்கில் கயிறு கோக்கும் துளையை ஒத்திருப்பதால் இக்கால்வாய்க்கு அப்பெயரே வழங்குகிறது.

இறப்பும் பின்னரும்

1611 இல் ஹிதேயோஷியின் மகன் ஹிதேயோரி கியோத்தோவில் இயேயாசுவைச் சந்தித்தபோது கியோமாசா துணைநின்றார். ஊர் திரும்பும் வழியில் நோயுற்று, அவ்வாண்டே இறந்தார். நஞ்சூட்டப்பட்டார் என்ற வதந்திக்குச் சான்றில்லை. மகன் தாதாஹிரோவிடமிருந்து 1632 இல் ஆட்சி பறிக்கப்பட்டு, கோட்டை ஹொசோகாவா குடும்பத்துக்குச் சென்றது.

கோட்டை பெரும் முற்றுகையைச் சந்தித்தது 1877 இல், சைகோ தக்காமோரியின் கிளர்ச்சியின்போது. முற்றுகைக்குச் சற்றுமுன் மூண்ட தீயில் முதன்மைக் கோபுரம் எரிந்தது. தீயின் காரணம் குறித்துக் கருத்து வேறுபாடு உண்டு. ஆயினும் ஐம்பது நாட்களுக்கு மேல் தாக்கியும் கிளர்ச்சிப் படையால் உள்ளே நுழைய முடியவில்லை.

கோபுரம் 1960 இல் கான்கிரீட்டால் மீளக் கட்டப்பட்டது. 2016 ஏப்ரல் நிலநடுக்கங்களில் அதன் ஓடுகள் சரிந்தன. கற்சுவர்கள் பல இடங்களில் இடிந்தன. கோபுரம் 2021 இல் சீரமைக்கப்பட்டது. விழுந்த கற்களை அடையாளம் கண்டு, அவற்றின் பழைய இடங்களிலேயே பொருத்தும் பணி 2052 வரை திட்டமிடப்பட்டுள்ளது.