அந்த வாசகம் யாருடையது? – வின்ஸ் லம்பார்டியின் கதை

ஸ்போர்ட்ஸ் டே வந்தால் போதும், மேடை ஏறுகிற பலபேர் எடுத்துவிடும் ஒரு வாசகம் உண்டு. வெற்றி என்பது பல விஷயங்களில் ஒன்றல்ல, அது ஒன்றுதான் விஷயமே என்பது அதன் சாரம். சொன்னவர் வின்ஸ் லம்பார்டி என்றும் சேர்த்துச் சொல்வார்கள். யாரப்பா இந்த லம்பார்டி என்று தேடிப் படித்தேன். படித்த பிறகு, வாசகத்தை விட மனுஷன்தான் எனக்குப் பிடித்துப்போனார்.

1913-ல் நியூயார்க் நகரின் புரூக்ளின் பகுதியில், இத்தாலிய வம்சாவளிக் குடும்பத்தில் பிறந்தவர். அப்பாவுக்கு இறைச்சி வியாபாரம். ஃபோர்டம் பல்கலைக்கழகத்தில் படித்தபோது அமெரிக்கக் கால்பந்து ஆடினார். அது நம்ம ஊர் ஃபுட்பால் இல்லை நண்பர்களே, முட்டை வடிவப் பந்தைக் கையில் தூக்கிக்கொண்டு முட்டி மோதி ஓடுகிற ஆட்டம். 1939-ல் நியூஜெர்சியில் ஒரு பள்ளியில் வேலைக்குச் சேர்ந்தார். பிசிக்ஸ், கெமிஸ்ட்ரி, லத்தீன் மூன்றையும் நடத்தினார். சாயங்காலம் கிரவுண்டில் கோச்.

1949-ல் வெஸ்ட் பாயிண்ட் ராணுவக் கல்லூரியில் உதவிப் பயிற்சியாளர் ஆனார். நாம் கவனிக்க வேண்டிய இடம் இதுதான். 1951-ல் அங்கே ஒரு பெரிய பரீட்சை மோசடி வெளியே வந்தது. முன்னால் பரீட்சை எழுதியவர்கள், பின்னால் எழுதப் போகிறவர்களுக்குக் கேள்விகளைச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். 80-க்கும் மேற்பட்ட மாணவர்கள் கல்லூரியை விட்டே போக வேண்டியதாயிற்று. அதில் கால்பந்து வீரர்கள் ஏராளம், தலைமைப் பயிற்சியாளரின் சொந்த மகனும் உண்டு. நாட்டிலேயே பேர் பெற்ற அந்த அணி, அந்த சீசனில் 9 ஆட்டத்தில் 7 தோற்றது. மிச்சமிருந்த பையன்களை வைத்து மறுபடி ஆரம்பித்தவர்களில் லம்பார்டியும் ஒருவர்.

ஒரு தொழில்முறை அணிக்குத் தலைமைப் பயிற்சியாளராக 1959-ல் அவரைக் கூப்பிட்டபோது வயது 45. விஸ்கான்சின் மாநிலத்து கிரீன் பே என்ற சின்ன ஊரின் பேக்கர்ஸ் அணி அது. முந்தைய சீசனில் 12 ஆட்டத்தில் ஒன்றே ஒன்றுதான் ஜெயித்திருந்தது. லம்பார்டி புதுசாக மந்திரம் எதுவும் போடவில்லை. ஒரே ஆட்டமுறையை, யார் எந்தக் காலை எங்கே வைப்பது என்பது வரை, சலிக்காமல் திரும்பத் திரும்பப் பழக்கினார். கறுப்பின வீரர்களுக்கு இடம் தராத கடைக்கு என் டீமில் யாருமே வரமாட்டார்கள் என்று ஊர்க்காரர்களிடம் கறாராகச் சொல்லிவிட்டார். முதல் வருஷமே 7 வெற்றி. 1960-ல் இறுதிப் போட்டி வரை போய் 17-13 என்று தோற்றார்கள். அதன் பிறகு எந்த இறுதிப் போட்டியிலும் அவர் தோற்கவில்லை. 1961 முதல் 1967 வரை 5 சாம்பியன் பட்டங்கள், அதோடு முதல் இரண்டு சூப்பர் பவுல்கள். 1970-ல் புற்றுநோயால் இறந்தபோது வயது 57. இன்றைக்கும் சூப்பர் பவுல் கோப்பைக்கு அவர் பெயர்தான்.

சரி, வாசகத்துக்கு வருவோம். அது அவர் சொந்தச் சரக்கே இல்லை. அவருக்கு முன்பே சொல்லிவந்தவர் ரெட் சாண்டர்ஸ் என்ற கல்லூரிப் பயிற்சியாளர். அவர் 1958-லேயே காலமாகிவிட்டார். 1953-ல் வந்த ஒரு ஜான் வெய்ன் படத்திலும் அந்த வசனம் உண்டு. லம்பார்டியும் தன் வீரர்களிடம் அதைச் சொன்னது நிஜம். அவர் ஜெயித்துக்கொண்டே இருந்ததால் வாசகம் அவர் பேரிலேயே ஒட்டிக்கொண்டது. எப்படியாவது ஜெயி என்று ஜனங்கள் அதற்கு அர்த்தம் செய்துகொண்டார்கள். அதைச் சொல்லாமலே இருந்திருக்கலாம் என்று கடைசிக் காலத்தில் அவரே வருத்தப்பட்டிருக்கிறார். முயற்சியைத்தான் சொன்னேன், நியாயத்தை விட்டுக்கொடுக்கச் சொல்லவில்லை என்பது அவர் விளக்கம்.

வெஸ்ட் பாயிண்டில் நடந்ததைக் கூடவே இருந்து பார்த்தவர் வேறெப்படிச் சொல்லியிருப்பார்? பிட் அடித்து அரியரை கிளியர் பண்ணுவதும் ஜெயிப்பதுதானே என்று யாராவது இந்த வாசகத்தைக் காட்டினால், 1951-ல் பெட்டி படுக்கையோடு வெளியேறிய அந்த மாணவர்களின் கதையைச் சொல்லுங்கள். லம்பார்டி ஜெயித்தது கிரவுண்டில் பழகிப் பழகித்தான். லேத்தில் நிற்கிற நமக்கும் வேறு வழி கிடையாது.