யார் இந்த இளையபெருமாள்? வேலையில் சாதி பார்ப்பது குற்றமான கதை

சாதியைச் சொல்லி ஒருவருக்கு வேலை தர மறுத்தால் முதலாளி ஜெயிலுக்குப் போக வேண்டியிருக்கும். பரம்பரைத் தொழில் என்று சொல்லி ஒருவரைச் செத்த மாட்டைத் தூக்க வைத்தாலும் அதே கதிதான். இந்தச் சட்டங்கள் இப்போதுள்ள வடிவத்துக்கு வந்ததில் கடலூர் மாவட்டத்துக்காரர் ஒருவருக்குப் பெரிய பங்கு உண்டு. அவர்தான் எல்.இளையபெருமாள்.

தனிப் பானையில் தொடங்கியது

சிதம்பரம் பக்கத்தில் இருக்கும் காட்டுமன்னார்கோவிலில் 1924 ஜூன் 26ல் பிறந்தார். பள்ளிக்கூடத்தில் தலித் மாணவர்களுக்குத் தனித் தண்ணீர்ப் பானை. அதை உடைத்த பையன் என்றுதான் இன்றும் அவரை ஊர் நினைவு வைத்திருக்கிறது.

வளர்ந்த பிறகு அவர் கையில் எடுத்தது வேலை சம்பந்தப்பட்ட பிரச்னையை. அன்றைக்கு அந்தப் பகுதியில் பண்ணை வேலை என்றால் கூலியும் குறைவு, மரியாதையும் கிடையாது. அது போதாதென்று சாவுக்குப் பறை அடிப்பது, செத்த மாட்டை அப்புறப்படுத்துவது எல்லாம் தலித் மக்களின் கடமை என்று ஊர் கட்டாயப்படுத்தியது. முடியாது என்று சொன்னால் வயலில் வேலை கிடைக்காது. இந்த இழிதொழில்களை விட்டுவிடச் சொல்லி ஊர் ஊராகப் போய்ப் பேசினார் இளையபெருமாள்.

27 வயதில் எம்.பி.

1952ல் நடந்த முதல் பொதுத்தேர்தலில் காங்கிரஸ் சார்பில் ஜெயித்து டெல்லிக்குப் போனார். அப்போது வயது 27தான். அடுத்தடுத்து மூன்று முறை எம்.பி. ஆனார்.

அந்தக் காலத்திலேயே, 1955ல், தீண்டாமைக் குற்றச் சட்டம் வந்துவிட்டது. ஆனால் அதில் ஓட்டைகள் நிறைய. வெறும் அபராதத்தோடு தப்பிக்கலாம். கோர்ட் அனுமதித்தால் சமரசமும் பேசிக்கொள்ளலாம். கூலிக்காரர் தன் முதலாளி மேலேயே புகார் கொடுத்தால் சமரசம் எப்படி முடியும்? மிரட்டல்தான் ஜெயிக்கும்.

நாட்டையே உலுக்கிய அறிக்கை

1965ல் மத்திய அரசு ஒரு கமிட்டி போட்டது. தீண்டாமை எந்த அளவில் இருக்கிறது, பட்டியல் சாதி மக்களின் கல்வி, பொருளாதார நிலை என்ன என்று ஆராய்வதுதான் அதன் வேலை. தலைவர் இளையபெருமாள். கமிட்டி பல மாநிலங்களுக்கும் போய் விசாரித்தது. அந்த வேலை நடந்துகொண்டிருந்தபோதுதான், 1968 டிசம்பர் 25ல், கூலிப் பிரச்னையில் கீழ்வெண்மணியில் 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டார்கள். 1969ல் அறிக்கை வந்தது.

அதற்குப் பிறகு என்ன மாறியது?

● 1970: பரம்பரை அர்ச்சகர் முறையை ஒழிக்க வேண்டும் என்று கமிட்டி சொன்னதைச் சுட்டிக்காட்டி, தமிழ்நாடு அரசு சட்டத்திருத்தம் கொண்டுவந்தது. கோயில் அர்ச்சகர் வேலையும் ஒரு வேலைதானே! பயிற்சி பெற்ற பல சாதியினர் 2021ல் அர்ச்சகர்களாக நியமிக்கப்பட்டதற்கு விதை அங்கே போடப்பட்டது.

● 1976: பழைய தீண்டாமைச் சட்டம் திருத்தப்பட்டு, குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டம் ஆனது. குறைந்தது ஒரு மாதம் ஜெயில், கூடவே அபராதமும் கட்டாயம். சமரசத்துக்கு இடமில்லை. தீண்டாமை காரணமாக ஒருவரைத் துப்புரவு வேலை செய்யவோ, செத்த விலங்கைத் தூக்கவோ கட்டாயப்படுத்துவதும் குற்றம். விசாரிக்க வேண்டிய அரசு அதிகாரி வேண்டுமென்றே அலட்சியம் காட்டினால், அவரும் குற்றத்துக்குத் துணைபோனவர்தான்.

முதலாளிகள் கவனிக்க வேண்டியது

இந்தக் குற்றத்தை ஒரு நிறுவனம் செய்தால், அப்போது பொறுப்பில் இருந்தவரும் குற்றவாளியாகவே கருதப்படுவார். எனக்குத் தெரியாது என்று வாயால் சொன்னால் போதாது. தெரியாமல் நடந்தது என்றோ, தடுக்க முழு முயற்சி எடுத்தேன் என்றோ அவர்தான் நிரூபிக்க வேண்டும்.

1989ல் வந்த எஸ்சி, எஸ்டி வன்கொடுமைத் தடுப்புச் சட்டம், 2016 ஜனவரி 26 முதல் இன்னும் கடுமையாகியிருக்கிறது. வேலை செய்யவோ தொழில் நடத்தவோ விடாமல் தடுத்தால் 6 மாதம் முதல் 5 ஆண்டு வரை ஜெயில். கையால் மலம் அள்ள வைத்தாலும் அதே தண்டனை. முதுநகர் பக்கம் சிப்காட் ஆலையோ காட்டுமன்னார்கோவில் வயலோ, எங்கேயும் சட்டம் ஒன்றுதான்.

கடைசி வரை

1980ல் எழும்பூர் எம்.எல்.ஏ. ஆனார். பிற்காலத்தில் காங்கிரஸை விட்டு விலகி மனித உரிமைக் கட்சியைத் தொடங்கினார். 2005ல் காலமானார். அவர் நினைவாகத் தமிழ்நாடு அரசு கட்டிய நூற்றாண்டு அரங்கம் 2025 ஜூலையில் சிதம்பரத்தில் திறக்கப்பட்டது. அவர் தலைமையில் தயாரான அறிக்கைக்கு இப்போது 50 வயதைத் தாண்டிவிட்டது. கையால் மலம் அள்ளுவதைத் தடுக்க 2013ல் தனிச் சட்டமே வந்த பிறகும், கழிவுநீர்த் தொட்டிக்குள் இறங்கித் தொழிலாளர்கள் சாவது மட்டும் நிற்கவில்லை.