சிறார் நீதிக்கு வழி கண்டவர்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் அமெரிக்காவின் சிகாகோ நகரம் வேகமாக வளர்ந்துகொண்டிருந்தது. வேலை தேடி ஐரோப்பாவின் பல நாடுகளிலிருந்தும் ஏழைக் குடும்பங்கள் அங்கு வந்து குடியேறின. பெற்றோர் தொழிற்சாலைக்குச் சென்ற பிறகு, கவனிப்பாரின்றிப் பல பிள்ளைகள் தெருக்களில் திரிந்தனர். சிறு திருட்டு, தெருச் சண்டை போன்ற காரணங்களுக்காக அவர்கள் காவலர்களிடம் பிடிபட்டனர். பத்து வயதைக் கடந்த பிள்ளைகளும் பெரியவர்களைப் போலவே குற்றவியல் நீதிமன்றத்தில் நிறுத்தப்பட்டனர். தண்டனை பெற்றவர்கள், வயதுவந்த குற்றவாளிகள் இருந்த அதே சிறையில் அடைக்கப்பட்டனர். சிறிய தவறு செய்து உள்ளே சென்ற சிறுவன், பெரிய தவறுகளைக் கற்றுக்கொண்டு வெளியே வரும் அபாயம் இருந்தது. இந்த நிலையை மாற்றப் பாடுபட்டவர்களுள் ஒருவர் ஜூலியா லாத்ரோப் அம்மையார்.

ஜூலியா 1858-ஆம் ஆண்டு இலினோய் மாநிலத்தில் உள்ள ராக்ஃபோர்டு நகரில் பிறந்தார். இவருடைய தந்தை ஒரு வழக்கறிஞர். தாயார் பெண்களின் வாக்குரிமைக்காகக் குரல் கொடுத்தவர். 1880-ஆம் ஆண்டு வாசர் கல்லூரியில் பட்டம் பெற்ற ஜூலியா, ஏறத்தாழ பத்து ஆண்டுகள் தம் தந்தையின் அலுவலகத்தில் பணியாற்றினார். சட்டம் எவ்வாறு எழுதப்படுகிறது, அது மனிதர்களை எவ்வாறு பாதிக்கிறது என்பதையெல்லாம் அங்கு அவர் அறிந்துகொண்டார்.

1890-ஆம் ஆண்டில் ஜூலியா சிகாகோவுக்குச் சென்று, ஹல் ஹவுஸ் என்னும் சமூக நல இல்லத்தில் தங்கினார். ஜேன் ஆடம்ஸ் அம்மையார் தம் தோழியுடன் தொடங்கிய இல்லம் அது. ஏழைகள் வாழும் பகுதியிலேயே தங்கி, அவர்களுக்கு அண்டை வீட்டாராக இருந்து உதவுவதே அங்கிருந்தவர்களின் நோக்கம். அரசின் உதவி கேட்டு விண்ணப்பித்த குடும்பங்களின் வீடுகளுக்கு ஜூலியா நேரில் சென்று நிலைமையை அறிந்துவந்தார்.

1893-ஆம் ஆண்டு, மாநில ஆளுநர் இவரை மாநில அறநல வாரியத்தின் உறுப்பினராக நியமித்தார். அவ்வாரியத்தில் இடம்பெற்ற முதல் பெண்மணி இவரே. அலுவலகத்தில் அமர்ந்து அறிக்கைகளைப் படிப்பதோடு இவர் நின்றுவிடவில்லை. மாநிலத்தின் 102 மாவட்டங்களிலும் இருந்த வறியோர் இல்லங்களைத் தாமே நேரில் சென்று பார்வையிட்டார். முதியவர்கள், நோயாளிகள், மனநலம் பாதிக்கப்பட்டவர்கள், ஆதரவற்ற குழந்தைகள் ஆகியோர் ஒரே கூரையின்கீழ் அடைக்கப்பட்டிருந்ததைக் கண்டு மனம் வருந்தினார். யாருக்கு என்ன தேவை என்று பிரித்துப் பார்க்காமல் எல்லாரையும் ஒன்றாக அடைத்து வைப்பதே பெரிய தவறு என்பதை உணர்ந்தார். சிறைகளில் பிள்ளைகள் பட்ட துன்பத்திற்கும் இதுவே காரணமாக இருந்தது.

ஜூலியாவும் லூசி ஃபிளவர் போன்ற சமூகத் தொண்டர்களும் சிகாகோ வழக்கறிஞர்களும் ஒன்றுகூடி, சிறுவர்களுக்கெனத் தனிச் சட்டம் வேண்டும் என்று முயன்றனர். அதன் பயனாக 1899-ஆம் ஆண்டு இலினோய் சட்டமன்றம் சிறார் நீதிமன்றச் சட்டத்தை நிறைவேற்றியது. அவ்வாண்டு ஜூலை மாதத்தில் அமெரிக்காவின் முதல் சிறார் நீதிமன்றம் சிகாகோவில் செயல்படத் தொடங்கியது. 16 வயதுக்கு உட்பட்டவர்களின் வழக்குகள் தனி அறையில் விசாரிக்கப்பட்டன. அவற்றின் பதிவுகளும் தனியே வைக்கப்பட்டன. 12 வயதுக்கு உட்பட்ட எந்தப் பிள்ளையையும் சிறையிலோ காவல் நிலையத்திலோ அடைக்கக் கூடாது என்று சட்டம் கூறியது. பிள்ளைக்கு என்ன தண்டனை கொடுப்பது என்பதைவிட, அவனை எப்படித் திருத்தி வாழவைப்பது என்பதே நீதிபதியின் முன் இருந்த கேள்வி.

சட்டம் வந்துவிட்டால் மட்டும் போதுமா? பிள்ளைகளின் வீட்டிற்கும் பள்ளிக்கும் சென்று அவர்களைக் கவனிக்க நன்னடத்தை அதிகாரிகள் தேவைப்பட்டனர். ஆனால், அவர்களுக்கு ஊதியம் வழங்கச் சட்டத்தில் இடமில்லை. எனவே, பெண்கள் ஒன்றுசேர்ந்து சிறார் நீதிமன்றக் குழு ஒன்றை அமைத்தனர். அதன் முதல் தலைவராக ஜூலியா பொறுப்பேற்றார். குழுவினர் நிதி திரட்டி அதிகாரிகளுக்கு ஊதியம் வழங்கினர். விசாரணைக்காகக் காத்திருக்கும் பிள்ளைகள் தங்க ஓர் இல்லத்தையும் நடத்தினர். சில ஆண்டுகளுக்குப் பின் இந்தப் பொறுப்புகளை அரசே ஏற்றது. 1907-ஆம் ஆண்டில் நீதிமன்றத்திற்கும் தங்கும் இல்லத்திற்கும் சேர்த்து ஒரு புதிய கட்டடம் எழுந்தது.

இதற்கிடையே, அரசு இல்லங்களில் தகுதியைப் பாராமல் கட்சிச் சார்பைப் பார்த்துப் பணியாளர்களை நியமிப்பதை ஜூலியா எதிர்த்தார். அதன் காரணமாக 1901-ஆம் ஆண்டில் வாரியப் பதவியிலிருந்து விலகினார். நான்கு ஆண்டுகளுக்குப் பின் மீண்டும் அப்பதவிக்கு வந்தார். பிள்ளைகள் ஏன் தவறு செய்கின்றனர் என்பதை அறிவியல் முறையில் ஆராய வேண்டும் என்பது இவரது எண்ணம். 1909-ஆம் ஆண்டு, வில்லியம் ஹீலி என்னும் மருத்துவரின் தலைமையில் சிகாகோவில் அதற்கான ஆய்வகம் அமையவும் துணைநின்றார்.

இலினோய் காட்டிய வழியை அமெரிக்காவின் மற்ற மாநிலங்களும் பின்பற்றின. 1925-ஆம் ஆண்டுக்குள் ஏறக்குறைய எல்லா மாநிலங்களிலும் சிறார் நீதிமன்றங்கள் ஏற்பட்டன. பிரிட்டனில் 1908-ஆம் ஆண்டும் மலாயாவில் 1947-ஆம் ஆண்டும் சிறார் நீதிமன்றங்களுக்கான சட்டங்கள் இயற்றப்பட்டன.

1912-ஆம் ஆண்டு அமெரிக்க அரசு குழந்தைகள் நலப் பணியகத்தை உருவாக்கியது. அதிபர் டாஃப்ட், ஜூலியாவை அதன் தலைவராக நியமித்தார். அமெரிக்க மத்திய அரசின் பணியகம் ஒன்றுக்குத் தலைமையேற்ற முதல் பெண்மணி இவரே. அங்கும் இவர் ஆய்விலிருந்தே தொடங்கினார். பணியாளர்களை வீடு வீடாக அனுப்பி, கைக்குழந்தைகள் இறப்பதன் காரணங்களை ஆராயச் செய்தார். 1921-ஆம் ஆண்டு வரை அப்பதவியில் இருந்தார்.

ஓய்வு பெற்ற பிறகும் இவரது அக்கறை குறையவில்லை. 1931-ஆம் ஆண்டு, இவரது சொந்த ஊரான ராக்ஃபோர்டில் கொலைக் குற்றத்திற்காக 17 வயது இளைஞன் ஒருவனுக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது. ஊர் மக்கள் பலர் சினத்தில் இருந்தனர். ஆயினும், இத்தனை இளம் வயதினனைத் தூக்கிலிடுவதோ மின்சாரத்தால் கொல்வதோ நீதியாகாது என்று ஜூலியா துணிந்து வாதாடினார். அந்த வழக்கின் முடிவைக் காண இவர் உயிரோடு இல்லை. 1932-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் தம் 73-ஆவது வயதில் காலமானார். மறு ஆண்டு, ஆளுநர் அந்த மரண தண்டனையைச் சிறைத்தண்டனையாகக் குறைத்தார்.

தவறு செய்த பிள்ளையைத் தூக்கி எறிந்துவிடுவது எளிது. அவன் ஏன் தவறினான் என்று தேடிச் சென்று அறிவதும், அவன் திருந்தி வாழ ஒரு வாய்ப்பை ஏற்படுத்தித் தருவதும் கடினமான பணி. அந்தக் கடினமான பணியையே ஜூலியா லாத்ரோப் தம் வாழ்நாள் பணியாக ஏற்றுக்கொண்டார்.