வியாதிக்கு முன் வேலையைக் கேட்ட டாக்டர்: யார் இந்த ரமசினி?

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் பிளீச்சிங் பவுடர், ஆசிட் போட்டு தரை கழுவுபவர் மூச்சுத்திணறலோடு டாக்டரிடம் போகிறார். சிகரெட் பிடிப்பீங்களா என்று கேட்பார்கள். என்ன வேலை என்று கேட்பார்களா?

கேட்டே ஆகணும்னு 300 வருஷத்துக்கு முன்பே சொன்னவர் பெர்னார்டினோ ரமசினி. 1633-ல் இத்தாலியின் கார்ப்பியில் பிறந்தவர். மோடெனாவில் மருத்துவப் பேராசிரியர்.

ஒருநாள் அவர் வீட்டு மலக்குழியை ஒரு தொழிலாளி அவசர அவசரமாகச் சுத்தம் செய்தார். ஏன் இந்த அவசரம் என்று விசாரித்தார் ரமசினி. அதிக நேரம் உள்ளே இருந்தால் பார்வையே போய்விடும் என்று தெரிந்தது. அதன்பின் பட்டறை பட்டறையாக ஏறி இறங்கினார். 1700-ல் தொழிலாளர் நோய்கள் பற்றிய அவரது புத்தகம் வெளியானது. சுண்ணாம்பு கலந்த காரநீர் ஆவியைச் சுவாசித்து மூச்சுத்திணறும் சலவைப் பெண்களும் அதில் உண்டு. 1714-ல் பதுவாவில் இறந்தார்.

இன்று தொழில்சார் ஆஸ்துமா சட்டப் பட்டியலிலேயே இருக்கு. ஆனால், வேலை என்னன்னு தெரியாத டாக்டருக்கு அது சாதாரண வீசிங்தான். லீவு நாளில் குறைந்து, டூட்டியில் இருமல் கூடுதா? எந்த கெமிக்கலில் வேலைன்னு டாக்டரிடம் நீங்களே சொல்லிடுங்க.